ரியாக்டிவ் என்று எழுதிய தாள்

ஜனவரி 20, 2025

தை முகூர்த்தத்துக்குத் தைக்க இன்னும் பதினேழு ஜாக்கெட் கடையில் கிடக்கிறது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் கடை திறந்தேன். எட்டாவது வாரம். மாசமாக இருப்பவர்களுக்கு எல்லாம் எடுக்கிற டெஸ்ட்தான் என்றார்கள். அத்தையும் கூடவே வந்தார். முந்தின இரண்டும் தங்காததால் இந்தத் தடவை என்னைத் தனியாக எங்கும் விடுவதில்லை. அக்கறையா, காவலா?

ஜனவரி 21

லேப் கவுண்டரில் இருந்த பெண் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள் – என்னிடம் இல்லை, அத்தையிடம். "விடிஆர்எல் ரியாக்டிவ்னு வந்திருக்கும்மா. பால்வினை நோய்க்கு எடுக்குறது. ஒங்க மகனையும் கூட்டியாந்து எடுத்துருங்க." பின்னால் வரிசையில் ஆறேழு பேர்.

ஆட்டோவில் அத்தை ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். விளாங்குடியில் இறங்கி, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார், "எங்கிட்டு இருந்துடி வாங்கியாந்த?"

இதற்கு மேல் எழுத முடியாது.

ஜனவரி 23

வீட்டுக்காரருக்கும் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. அத்தை அந்தத் தாளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். என் தட்டும் டம்ளரும் கொல்லைப் பக்கம் போய்விட்டன.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று இவரிடம் கேட்டேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் என்னத்தச் சொல்ல? தாள்லதான் எழுதியிருக்குல்ல."

ஆறு வருசம்யா. ஆறு வருசம் கூட இருந்த பொண்டாட்டிய விட ஒரு தாளு பெருசாப் போச்சு ஒனக்கு. பாண்டிராஜுன்னு பேரு வச்சிருக்கானுக. த்தூ.

ஜனவரி 24

ஆரப்பாளையத்தில் அக்கா நாகஜோதி வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சாப்ட்டியா?"

ஜனவரி 27

அக்கா வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் தமிழ்வாணி. தாளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டார்: "முந்தி ரெண்டும் எத்தனாவது மாசத்துல போச்சு?" இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஒன்று, மூன்றாம் மாசம் முடிகிற சமயத்தில்; இன்னொன்று நாலாம் மாசம்.

"இந்த டெஸ்ட் கிருமியத் தேடாதும்மா. ஆன்டிபாடியத் தேடும். கிருமியோட சண்டை போட நம்ம உடம்பே செய்யிற புரதம் அது. கிருமி வந்தாலும் இந்த டெஸ்ட்ல காட்டும். கிருமியே இல்லாம, உடம்பு தன்னையே எதிராளின்னு நெனச்சுக்கிட்டாலும் காட்டும். சில பேருக்கு மாசமா இருக்கும்போது சும்மாவே காட்டும். இத மட்டும் வச்சு யாருக்கும் நோயின்னு சொல்லக்கூடாது. அந்தக் கிருமிக்குன்னே தனியா டிபிஹெச்ஏன்னு ஒண்ணு இருக்கு. அதப் பாக்காம ஒங்ககிட்ட எப்படிச் சொன்னாங்க?"

"எங்கிட்டச் சொல்லல மேடம். மாமியார்கிட்டச் சொன்னாங்க."

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "நெசமாவே அந்த நோய் இருந்தாலும் ஊசியில சரியாப் போறதுதான்" என்றார். அதற்கா என் தட்டைக் கொல்லையில் வைத்தார்கள்?

ஜனவரி 29

டிபிஹெச்ஏ நெகட்டிவ். அந்த நோய் இல்லை. சந்தோஷப்படு என்கிறாள் அக்கா. எதற்குச் சந்தோஷம்? எனக்குத் தெரிந்ததைத்தானே தாள் சொல்லியிருக்கிறது.

ஆனால் இன்னொரு தாள் இருக்கிறது. கார்டியோலிப்பின் ஆன்டிபாடி, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. அந்த விடிஆர்எல் காட்டிக்கொடுத்தது இதைத்தானாம். அது இருந்தால் ரத்தம் சுலபமாக உறைந்துவிடும். நஞ்சுக்கொடியில் உறைந்தால் பிள்ளைக்குப் போகிற ரத்தம் அடைபடும். "ஒங்க ரெண்டு பிள்ளையும் இதுனால போயிருக்கலாம். உறுதியாச் சொல்லப் பன்னெண்டு வாரம் கழிச்சு மறுபடி எடுக்கணும். சில பேருக்கு ஏறி, தானா எறங்கிரும். ஆனா ஒங்களுக்குக் காத்திருக்க முடியாது." இன்றிலிருந்தே ஆஸ்பிரின் மாத்திரை. உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஒரு ஹெபாரின் ஊசி.

முதல் பிள்ளை போனபோது தையல் மெஷினை மிதித்தேன் என்றார்கள். இரண்டாவதுக்கு, மாடிப்படி ஏறினேன், பப்பாளி தின்றேன். நானும் நம்பினேன். நாலு வருசம் எம் பிள்ளைகளை நானே கொன்னேன்னு நம்பிக்கிட்டுக் கெடந்தேன். ஒருத்தருக்கும் அன்னைக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பாக்கத் தோணலையா?

ஜனவரி 30

லேப்புக்குப் போனேன். அதே பெண்தான். இன்றும் வரிசை இருந்தது. புதுத் தாளை நீட்டினேன்.

"இதையும் படிங்க."

வாய்க்குள்ளே படித்தாள்.

"அன்னைக்கு எம்புட்டுச் சத்தமாப் படிச்சீங்களோ, அம்புட்டுச் சத்தமா."

படித்தாள். குரல் உடைந்தது. பாவமாகத்தான் இருந்தது. இருந்தாலும் முழுவதும் படித்த பிறகுதான் தாளை வாங்கினேன்.

பிப்ரவரி 2

இன்றைக்கு ஊசியை நானே குத்திக்கொண்டேன். தொப்புளைச் சுற்றி நீலம் நீலமாக.

பிப்ரவரி 9

பாண்டிராஜ் கடைக்கு வந்தான். வெட்டுகிற மேசைமேல் எல்லாத் தாளையும் பரப்பி வைத்தேன். நின்றபடியே படித்தான்.

"அம்மாட்டச் சொல்லிட்டேன். தப்பாயிருச்சு. வா, வீட்டுக்குப் போவம்."

"யாரு மேல தப்பு?"

"லேப்பு மேலதான்."

"லேப்புக்காரியா ஆறு வருசம் எங்கூட இருந்தா?"

வாடிக்கைக்காரம்மா ஒருவர் உள்ளே வந்தார். அவருக்கு அளவெடுக்கப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

ஏப்ரல் 29

மறுபடி எடுத்ததிலும் ஆன்டிபாடி குறையவில்லை. உறுதிதான் என்கிறார் டாக்டர். கடுகளவுகூட எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகளைக் கொண்டுபோனதற்குப் பெயர் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டாவது வாரம், உள்ளே உதைக்கிறது.

ஜூன் 15

அத்தை வந்தார். வளைகாப்பை விளாங்குடியில் வைக்கணுமாம். "ஊரு என்னடி பேசும்?"

"ஊரு பேசுறதுக்கு முந்தி நீங்கதான பேசுனீங்க, அத்தை."

தலையைக் குனிந்துகொண்டார். "புரியாமச் சொல்லிட்டேன்" என்றார். காப்பி கொடுத்தேன். வளையல் இங்கேயே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12

பெண். இரண்டு கிலோ அறுநூறு. பிறந்ததும் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். கத்துடி.

செப்டம்பர் 10

ஊசி இன்னும் இரண்டு வாரம். அக்கா வீட்டு மாடிக்கு, ஆவணி முடிவதற்குள் நானும் பிள்ளையும் குடிவந்துவிட்டோம். அத்தை பிள்ளையைப் பார்க்க வரலாம், சொல்லிவிட்டு வரட்டும் என்றேன். பாண்டிராஜ் தினமும் வருகிறான். நேற்று ரொம்ப நேரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவன், "அன்னைக்கு டிவில என்ன ஓடுச்சுன்னுகூட எனக்குத் தெரியாது. ஒன் மொகத்தப் பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் அதப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒன்ன நம்பாம இருந்தது நாந்தான்" என்றான். இந்தத் தடவை லேப் மேல் தப்பு என்று சொல்லவில்லை.

இன்று காலை அவன் துணிப்பெட்டியோடு மாடி ஏறி வந்தான். எங்கே வைக்கட்டும் என்று கேட்டான்.

"வாசப்பக்கம் வைங்க" என்றேன். "இப்போதைக்கு."