ராகவன் சார் லேப்டாப்பில் ஓடும் மணி

செவ்வாய்க்கிழமை

இன்றும் ஆபீஸில் எல்லோர் முன்னாலும் மேலதிகாரியிடம் திட்டு. இன்றைக்குக் கெடு என்று நான் தேதி போட்ட வேலை, ராகவன் சார் லேப்டாப் காலண்டரில் மட்டும் நேற்றே கெடு முடிந்ததாகச் சிவப்பில் நிற்கிறது.

"தினமும் லேட்டாம்மா? ஜல்தி ஜல்தின்னு எத்தனை தடவை சொல்றது?"

என் கம்ப்யூட்டரில் கோளாறே இல்லை. அவர் லேப்டாப்பின் மூலையைப் பார்த்தேன். இங்கே காலை பதினொன்று. அதில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை.

"சார், இதுல இன்னும் அமெரிக்க நேரம்தான் ஓடுது. நான் போடற தேதி இங்க நள்ளிரவுல ஆரம்பிக்குது, அங்க அது முந்தின நாள் மத்தியானம். அதான் உங்களுக்கு ஒரு நாள் முன்னாடி காட்டுது."

"தெரியும்மா. பையனைப் பார்க்கப் போனப்ப மாத்தினது. அவன் முழிச்சிருக்கானான்னு பார்த்துப் போன் பண்ணணுமே, அப்படியே இருக்கட்டும். நீ ஒரு நாள் முன்னாடியே முடிச்சுக் குடுத்துடு."

எப்போதும் தாமதம் என்று என் ஆண்டு மதிப்பீட்டில் எழுதி மேலே அனுப்பியும் விட்டார். அதைத் திருத்துவீர்களா என்று கேட்டேன். "அச்சா, பார்க்கலாம்" என்று போனை எடுத்துக்கொண்டார்.

வீடு இருக்கும் லக்ஷ்மிபாய் நகர் வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பிள்ளையின் தூக்கம் கெடக் கூடாதென்று மணி பார்க்கிற மனுஷன், என்னைத் திட்ட மட்டும் எந்த ஊர் மணியும் பார்ப்பதில்லை.