மருந்து போடாத தோட்டா

மர்லீன்,

கௌபாய் துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கிளம்பிவிட்டேன். இன்றாவது உன் அக்கா வீட்டிலிருந்து வந்தால், அடுப்பின்மேல் பீன்ஸ் இருக்கிறது, சூடாக்கிக்கொள்.

தோட்டாவுக்கு வெடிமருந்து அளக்கும்போது பேசாதே என்று உன்னிடம் கத்தினேன் அல்லவா? போன சனிக்கிழமை என் குண்டு துப்பாக்கிக் குழலிலேயே சிக்கிக்கொண்டது. அந்தத் தோட்டாவில் நான் மருந்தே போடவில்லை; அடியிலிருக்கும் பொட்டு மட்டும் வெடித்துக் குண்டைப் பாதி வழிக்குத் தள்ளியிருக்கிறது. குண்டைக் கம்பியால் தட்டி எடுத்துக்கொண்டே, என்னோடு சுடும் ஓர்வில் கேட்டான்: "வீட்டுல பேச்சுக் குடுக்கக்கூட ஆளில்ல, அப்புறம் எப்படி மறந்த, கிழவா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

மருந்து அளக்கும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது போலிருந்தது, எழுந்து போய்ப் பார்த்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

வார்டெல்

பி.கு: சாவி பழைய இடத்தில்தான். இந்தச் சீட்டின் அடியில் இன்னும் நான்கு சீட்டுகள் இருக்கும். அவற்றிலும் பீன்ஸ் என்றுதான் எழுதியிருக்கும். இப்போது அடுப்பின்மேல் இருப்பது இன்று காலையில் செய்தது.