காத்திருப்புக் குழு

ஆகஸ்ட் 2

இன்றும் அறை இல்லை. பள்ளி உளவியலாளருக்கு என்று அவர்கள் ஒதுக்கியிருப்பது விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைக்கும் அறை. "ராத்திரி ஏன் தூக்கம் வரமாட்டேங்குது?" என்று ஐந்தாம் வகுப்புப் பையனிடம் கேட்டு, அவன் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து பி.டி. மாஸ்டர் உள்ளே வந்து பந்துக்குக் காற்றடிக்கிற பம்பைத் தேடினார். "நீங்க பேசுங்க மேடம், நான் இல்லைன்னு நினைச்சுக்குங்க." ஆறடி ஆளை எப்படி இல்லை என்று நினைப்பது? பையன் வாயை மூடிக்கொண்டான். மாஸ்டர் போன பிறகும் திறக்கவில்லை.

மூன்று பள்ளிகளுக்கு நான் ஒருத்தி. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை.

ஆகஸ்ட் 9

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண். வாயைத் திறப்பதே இல்லை என்பதால் வகுப்பாசிரியை அவளுக்கு வைத்த பெயர் பூட்டு. ஆசிரியைக்கு நான் வைத்த பெயர் டமாரம். அவர் பாடம் நடத்தினால் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களும் பாஸாகிவிடலாம்.

ஹெச்.எம். அம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒரு எழுத்து கூடத் தெரியலை. அறிவு குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, தனிப் பள்ளிக்கு அனுப்பிடலாம்" என்றார். நான் இன்னும் அவள் முகத்தைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு வரியாம்!

ஆகஸ்ட் 14

பூட்டைச் சோதித்தேன். கட்டைகளை அடுக்கச் சொன்னால் நான் கடிகாரத்தைத் தொடுவதற்குள் முடிக்கிறாள். ஒரு கதையைக் கேட்டுவிட்டு, நான் விட்டுவிட்ட இடத்தையும் சேர்த்துத் திருப்பிச் சொன்னாள். அச்சடித்த தாளை முன்னால் வைத்ததும் முகம் சுருங்கிவிட்டது. அறிவில் ஒரு குறையும் இல்லை. காதில் விழும் ஒலிக்கும் கண்ணில் படும் எழுத்துக்கும் இன்னும் முடிச்சு விழவில்லை, அவ்வளவுதான்.

அதைத்தானே நான் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறேன்! பயிற்சி இதுதான்: ஒரு சொல்லைக் கேட்க வேண்டும், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு பொத்தானை நகர்த்த வேண்டும், பிறகு பொத்தானுக்குப் பதில் எழுத்து. இந்தப் பெண்ணுக்கென்றே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். நம்பவில்லை. "வருஷக் கடைசியில கல்வி ஆபீஸ்லேருந்து குழு வரும். அவங்க முன்னாடி படிச்சுக் காட்டட்டும், இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா அனுப்பத்தான் வேணும்."

ஆகஸ்ட் 21

ஆராய்ச்சிக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டேன். இரண்டு பள்ளிகளில் படிக்கத் திணறும் பிள்ளைகள். பாதிப் பேருக்கு இப்போதே பயிற்சி, மீதிப் பேர் வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் பயிற்சியால் வந்தது எது, தானாக வந்தது எது என்று பிரித்துப் பார்க்கலாம்.

பூட்டின் சீட்டு காத்திருக்கும் பக்கம் விழுந்தது.

என் ஆராய்ச்சி கைடுக்குப் போன் போட்டேன். பேராசிரியர் சிரித்தார். "ஏம்மா, பிடிச்ச சீட்டைத்தான் எடுப்பேன்னா எதுக்குக் குலுக்கணும்?" அவளை ஆராய்ச்சியிலிருந்தே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஏற்கெனவே ஆள் பத்தலை. இன்னிக்கு ஒருத்திக்கு இரக்கப்பட்டா நாளைக்கு இன்னொருத்தன் வருவான். கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அவர் சொல்வது சரி. அதனால்தான் இவ்வளவு எரிச்சல்.

ஆகஸ்ட் 22

அந்தச் சீட்டை எடுத்தது என் கை.

செப்டம்பர் 11

பூட்டின் அம்மா வந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "பக்கத்து பெஞ்சுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறீங்களாமே மேடம். எம்பொண்ணு என்ன பாவம் பண்ணா?"

விளக்கினேன். சம்மதம் கேட்டபோதும் இதையேதான் விளக்கினேன். அப்போது தலையாட்டினார், இன்றும் தலையாட்டினார். எழுந்து போகும்போது கேட்டார்: "அது வேலை செய்யுதான்னு உங்களுக்கே தெரியாதா மேடம்?"

தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது என்றுதான் ஆராய்ச்சி செய்கிறேன். இதை அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வது?

அக்டோபர் 5

டமாரத்தோடு சண்டை. பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைக்கப் போனேன். வாசலை மறித்து நின்றார். "பாதிப் பேரைக் கூட்டிட்டுப் போறீங்க, மீதிப் பேரு என் மூஞ்சியப் பாக்குதுங்க. ஒரு பந்தியில ரெண்டு விதமா பரிமாறலாமா மேடம்? நீங்களே சொல்லுங்க."

"இது ஆராய்ச்சி டீச்சர். கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க."

"நான் பொறுத்துக்குவேன். அதுங்களுக்கு வயசு நிக்குமா?"

அந்தக் குரலில் சொன்னால் பள்ளி முழுக்கக் கேட்காதா? கேட்டது. இரண்டு வகுப்புகள் எட்டிப் பார்த்தன. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பெரிய நியாயவாதி! ஒரு நாளாவது பூட்டைப் பக்கத்தில் உட்கார வைத்து இவரே சொல்லிக்கொடுத்திருப்பாரா?

அக்டோபர் 6

வீட்டில் இவரிடம் எரிந்து விழுந்தேன். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் பொறுமை, எனக்கு மட்டும் சுடு சொல்லா? என் பேரையும் காத்திருப்புக் குழுவுலயே போட்டுட்டியா?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கோபம் இன்னும் கூடியது.

நவம்பர் 20

பயிற்சி பெறும் பிள்ளைகள் பறக்கிறார்கள். வழியில் பூட்டு எதிரே வந்தால் நான் கைப்பைக்குள் எதையோ தேடுகிறேன்.

ஜனவரி 17

மூன்றாவது பள்ளியில் ஒரு பையன் யாரையோ கடித்துவிட்டான். நாள் முழுக்க அங்கேதான். வேறு எழுதத் தெம்பில்லை.

மார்ச் 4

கடைசிச் சோதனை ஆரம்பம். இன்று காத்திருப்புக் குழு. பூட்டு வந்து உட்கார்ந்தாள். தாளை வைத்தேன். அவள் தாளைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள்.

"பொத்தான் இல்லையா மிஸ்?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பொத்தான்களை இவள் பார்த்திருக்கவே கூடாது. நான் பதில் சொல்வதற்குள் பாவாடைப் பையிலிருந்து ஐந்தாறு பாட்டில் மூடிகளை எடுத்து வரிசையாக வைத்தாள். சொல்லைப் பார்த்தாள், மூடிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினாள், படித்தாள். அடுத்த சொல், அடுத்தது. பத்தி வந்ததும் மூடிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, விரலை வைத்துக்கொண்டு, மெதுவாக, தப்பும் தவறுமாக — படித்து முடித்தாள்.

என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ, என் ஆராய்ச்சி போச்சே. ஒரு பிள்ளை படிக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது. நான் என்ன ஜென்மம்?

மார்ச் 5

டமாரத்தின் வகுப்புக்குள் நேராகப் போனேன். ஒவ்வொரு பெஞ்சிலும் இரண்டிரண்டு பேர், நடுவே பாட்டில் மூடிகள். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள் வராதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலவே தலையைச் சாய்த்துக்கொண்டு, என்னைப் போலவே "அவசரமில்லை, மறுபடி கேளு" என்று.

"எவ்வளவு நாளா நடக்குது டீச்சர்?"

"நாம வாசல்ல சண்டை போட்டோமே, மறுநாள்லேருந்து. உங்ககிட்ட கத்துக்கிட்டு வந்ததை ஆளுக்கு ஒருத்தருக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லிட்டேன். எப்படி நம்ம ஐடியா?" பெருமையாகச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. முதல் தடவையாக மெதுவான குரலில், "தப்பா மேடம்?" என்றார்.

தப்புதான். காத்திருப்பவர்களுக்குப் பயிற்சி போகக் கூடாது என்று அவரிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. பொறுத்துக்குங்க, பொறுத்துக்குங்க என்றுதான் சொன்னேன். அவர் பொறுக்கவில்லை.

மார்ச் 15

எண்களைப் போட்டுப் பார்த்தாயிற்று. பூட்டின் பள்ளியில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசமே இல்லை, எல்லாரும் ஏறியிருக்கிறார்கள். இரண்டு பள்ளிகளையும் சேர்த்தால் பயிற்சிக்குப் பலன் இல்லை என்று வருகிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள், என் கணக்கு படிக்கவில்லை என்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

கைடு யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பள்ளியையே எடுத்துடும்மா. இன்னொரு பள்ளி சுத்தமா இருக்கு. அதை மட்டும் வெச்சு முடிச்சுடலாம். அங்க நடந்ததை எங்கேயும் எழுதி வைக்காதே."

பட்டம் கைக்கெட்டும் தூரத்தில். அந்த நிமிடம் சரி என்றுதான் சொன்னேன்.

மார்ச் 22

அடுத்த வாரம் கல்வி ஆபீஸ் குழு வருகிறது. பூட்டு படிக்கிறாள் என்றதற்கு ஹெச்.எம். உதட்டைப் பிதுக்கினார். "ஏழு மாசத்துல ஒருத்தியும் ஒண்ணும் சொல்லிக் குடுக்காம எப்படிப் படிச்சா? மனப்பாடம் பண்ணியிருப்பா. குழுவும் அதைத்தான் கேக்கும்."

சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் அவள் இங்கே இருப்பாள். அதை எழுதினால் பிறகு பல்கலைக்கழகத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? ஆபீஸுக்கு ஒரு உண்மை, பட்டத்துக்கு ஒரு உண்மை என்று வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் போதாது.

இரண்டு இடத்திலும் எழுதிவிட்டேன். கைடு போனை வைத்துவிட்டார். வீட்டில் இவர் என் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்தார்.

மார்ச் 29

குழுவில் மூன்று பேர். தாங்களே கொண்டுவந்த தாளைக் கொடுத்தார்கள். பூட்டு மூடிகளை எடுத்து வைத்ததும் ஒருவர் முகம் சுளித்தார். டமாரம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சே உள்ளே கேட்டது.

இரண்டாம் வரியில் சிக்கிக்கொண்டாள். நான் உதவக் கூடாது. நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மூடியைத் திருப்பி எடுத்தாள், மறுபடி நகர்த்தினாள், கடந்துவிட்டாள். பிறகு என் அறிக்கையைப் படித்தார்கள். "யார் சொல்லிக் குடுத்தது?" என்று பெரியவர் கேட்டார். பூட்டு பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் பெயரைச் சொன்னாள். என் பெயர் வரவில்லை. வர ஒரு காரணமும் இல்லை.

ஏப்ரல் 10

ஆராய்ச்சி ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. கைடு திரும்பப் பேச ஆரம்பித்திருக்கிறார், திட்டுவதற்காக. இனிமேல் பிள்ளைகளைப் பிரித்துக் குலுக்காமல் பள்ளி பள்ளியாகக் குலுக்க வேண்டுமாம். அப்போதும் காத்திருக்கும் பள்ளி என்று ஒன்று இருக்கும். அங்கே எத்தனை பூட்டுகளோ. நினைத்தாலே கசக்கிறது.

ஜூன் 12

பூட்டின் அம்மா வந்தார். பள்ளி திறந்த முதல் வாரமே புகாரா என்று பயந்துவிட்டேன். புகார்தான்.

"என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? போனுக்கு வர்றதையெல்லாம் படிச்சுடுறா. என் தங்கச்சி அவ மாமியாரைப் பத்தி எனக்கு ஏதோ எழுதியிருந்தா. இவ அதைச் சத்தமா படிச்சிட்டா, அந்த மாமியார் முன்னாடியே. எங்க வீட்டுல இப்ப ஒரு ரகசியம் தங்குதா?"

நான் பண்ணவில்லை, இங்கேயே நாலாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளிடம் கேளுங்கள் என்றேன். அந்த அம்மா போகவில்லை, பி.டி. மாஸ்டர் ஒதுக்கி வைத்த பாய்களின் மேலேயே உட்கார்ந்து, அவள் வேறு என்னென்ன படிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.