எதுல கால்?

அக்கா, நான் அன்றைக்கே சொன்னேன். பேச்சி வாத்தியாரம்மாவாகத்தான் வருவாள் என்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே சொன்னேன். யுத்தம் வரும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்போம், வாடிப்பட்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரும், அதில் உன் மகள் போய் நிற்பாள் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நீதான் காதில் வாங்கவில்லை. பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று வசம்பு தேடிக்கொண்டிருந்தாய்.

நேற்று ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை வாடிப்பட்டிக்குப் போகிறாள். கொண்டுபோக என்னம்மா வேண்டும் என்று கேட்டேன். ஜவுளிக்கடையில் இருபது வருசமாகத் துணி கிழிக்கிற தாய்மாமன். ரெண்டு சேலையாவது கேட்பாள் என்று பார்த்தேன். "அந்த முக்காலிய எடுத்துக் குடுங்க மாமா" என்றாள்.

உங்கள் வீட்டுப் பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்தேன். மச்சான் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துப்போன பலகை. மூன்று காலில் ஒன்று ஆடியது. கவிழ்த்துப் போட்டு ஆப்பு அடித்துக்கொண்டிருக்கும்போது நீ வந்து நின்றாய் அக்கா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. நீ போய் ரெண்டு வருசமாகிறது. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

உனக்கு நினைவிருக்கும். பேச்சி அப்போது மூன்றாம் வகுப்பு. பேர்தான் பேச்சி, பள்ளிக்கூடத்தில் வாயைத் திறக்கமாட்டாள். கால், அரை, முக்கால் என்று கணக்கு வந்ததும் ஒரேயடியாக மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் எழுதிப்போட்டதைச் சிலேட்டில் அழகாகப் பார்த்து எழுதுவாள். கால் என்றால் என்ன என்று கேட்டால் குனிந்து தன் காலைப் பார்ப்பாள்.

மச்சானுக்கு முதலிலிருந்தே பொம்பளப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற நினைப்பு. பழங்காநத்தத்தில் அன்றைக்கு வீட்டை விட்டு இறங்கினால் வயல்தான். களைக்கு ஆள் வேண்டும். "அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வாராராம்ல? அவரு கேக்குற கணக்க இவ சரியாச் சொல்லட்டும், படிக்கட்டும். சொல்லலையா, மறுநா களையெடுக்க வரட்டும். என்ன மாப்ள?" என்று என்னையும் சாட்சிக்கு இழுத்தார்.

நீ அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாய். உனக்குப் படிக்க ஆசை இருந்த வயதில் என்னைத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் மூன்றாம் வகுப்போடு வேலி தாண்டி ஓடிவந்தேன். அம்புட்டும் அந்தப் பார்வையில் இருந்தது.

"நான் இருக்கேன்க்கா. கெஜக்கோலப் பிடிச்ச கைக்குத் தெரியாத காலா? மூணே நாளு!" என்றேன்.

"நீ சொல்றதுல முக்கால்வாசியக் கழிக்கணும்டா தம்பி. கழிச்சுட்டுச் சொல்லு, எத்தன நாளு?" என்றாய்.

என் முறை தனி முறை. மதுரையில் எந்தக் காலேஜ் வாத்தியாருக்கும் தோன்றியிருக்காது. தொழுவத்தில் நின்ற வெள்ளாட்டைப் பேச்சிக்குக் காட்டினேன். "ஆட்டுக்கு நாலு காலு. அதுல ஒண்ணுதான் கால். ரெண்டு இருந்தா அரை. மூணு இருந்தா முக்கால். நாலும் இருந்தா முழுசா ஒண்ணு. வெளங்குச்சா?" பிள்ளைக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஆட்டின் காலைத் தொட்டுத் தொட்டு, "கால், அரை, முக்கால், ஒண்ணு" என்று ஒப்பித்தாள். ஆடு உதைத்தது. அன்றைக்குத் தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்து, ஜமீனில் பெண்ணெடுத்துவிட்டான் போல என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது மச்சான் வயலிலிருந்து வந்து இந்த முக்காலியில் உட்கார்ந்து காலைக் கழுவினார். பேச்சி எதிரே போய் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க அரைப்பா."

"என்னது?"

"ஆடு ஒண்ணு. நீங்க அரை. கோழியும் அரை. நீங்க உக்காந்திருக்கது முக்கால்."

"எவன்டி சொன்னது?"

கதவுக்குப் பின்னால் நின்ற என்னைக் கைகாட்டினாள்.

"ஏன் மாப்ள, நான் இந்தக் கட்டைக்கும் கீழயா?"

"மச்சான், கணக்குப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தேன். நீ குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரித்தாய். பேச்சி விடவில்லை. "மாமா, அப்ப மரவட்ட எம்புட்டு மாமா?" அது நாலாம் வகுப்புக் கணக்கு என்று சொல்லித் தப்பித்தேன்.

சிரித்தது போக, அன்று உன் முகம் வாடித்தான் இருந்தது. இருக்கிற நாலு நாளில் நான் பிள்ளையை இன்னும் குழப்பிவிட்டேன் என்று நீ வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் நீ தோட்டத்திலிருந்து ரெண்டு வெள்ளரிக்காய் பறித்து வந்தாய். ஒன்று முழங்கை நீளம், ஒன்று பிஞ்சு. ரெண்டையும் நாலு நாலு துண்டாக நறுக்கினாய். பெரியதில் ஒரு துண்டை எனக்கும், பிஞ்சில் ஒரு துண்டைப் பேச்சிக்கும் கொடுத்தாய். வேண்டுமென்றுதான் செய்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மாமாவுக்குப் பெருசு!" என்று அவள் காலை உதறி அழுதாள்.

"ரெண்டு பேருக்கும் கால்தான்டி குடுத்தேன். என்ன கொற?"

பேச்சி அழுகையை நிறுத்திவிட்டாள். என் துண்டைப் பார்த்தாள், தன் துண்டைப் பார்த்தாள். பெரிய காயின் மற்ற மூன்று துண்டுகளோடு என் துண்டையும் சேர்த்து வைத்து, பிறகு அதை மட்டும் விலக்கினாள். பிஞ்சுக்கும் அதே மாதிரி. என்னவோ திறந்துகொண்டதுபோல இருந்தது அந்த முகம். பிறகு என்னிடம் திரும்பினாள். "மாமா, எதுல காலுன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

அதுவரை அப்படியொரு கேள்வியை என்னை யாரும் கேட்டதில்லை. கால் கெஜம், அரைக் கெஜம் என்று கிழித்துக்கொண்டே இருந்தேனே தவிர, எதுல என்று எனக்கும் தோன்றியதில்லை. அவளே மேலே போனாள்: "அப்ப அப்பா அரை இல்ல. அப்பாவுல அப்பா ஒண்ணு."

மறுநாள் கடைக்கு மட்டம் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் நின்றேன். இன்ஸ்பெக்டர் கோட்டு, தலைப்பாகை எல்லாம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேச்சியை எழுப்பி, "கால் பெரிசா, அரை பெரிசா?" என்றார்.

"எதுல ஐயா?"

வாத்தியாருக்கு வேர்த்துவிட்டது. பேச்சி நிறுத்தவில்லை. "பெரிய வெள்ளரிக்காயில காலு, பிஞ்சுல அரையவிடப் பெருசா இருக்கும்யா."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அன்று உன் வீட்டுக்கு ஓடிவந்து, மூச்சு வாங்க மச்சானிடம் சொன்னேன். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். பேச்சியின் தலையில் கை வைத்தார். "இந்தப் பிள்ளையின் படிப்பை நிறுத்தினால், நிறுத்தினவன் பேரை எனக்கு எழுதி அனுப்புங்கள்" என்று வாத்தியாரிடம் சொன்னார்.

மச்சானுக்கு முதலில் பயம், பிறகு பெருமையில் மீசை துடித்தது. "எம்மகளுக்கா எந்திரிச்சாரு?" என்று மூன்று தடவை கேட்டார். களையெடுப்புப் பேச்சு அன்றோடு போனது. பேச்சி எட்டாவது முடித்தாள், ட்ரெயினிங் முடித்தாள். மச்சான் இன்றைக்கும் டீக்கடையில் இன்ஸ்பெக்டர் எழுந்த கதையைச் சொல்கிறார். இப்போது அவர் கதையில் இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர்.

நான் சொல்லிக்கொண்டிருந்தபோது பேச்சி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ மட்டும், "எந்திரிச்சாராடா தம்பி?" என்றாய். ஆமாம்க்கா என்றேன். எனக்கு இன்னொரு அகப்பை சோறு வைத்தாய்.

நேற்று முக்காலியைக் கையில் வாங்கிக்கொண்டு பேச்சி கேட்டாள்: "மாமா, அன்னைக்கு நீங்க அப்பாட்ட சொன்னதுல எம்புட்டு மாமா நெசம்?"

"கால்" என்றேன்.

"எதுல கால்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியே உன்னை மாதிரி.

அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருந்தவள், அவளுக்குத் தெரியும். உனக்குத்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதர் எழுந்திருக்கவே இல்லை அக்கா. பேச்சியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தப்பு. அரைதான் பெரிசு. உட்காரு" என்று சொல்லி அடுத்த பிள்ளையை எழுப்பினார்.

என் பேச்சில் எப்போதும் முக்கால்வாசியைக் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்வாய். அன்றைக்கு மட்டும் நீ எதையும் கழிக்கவில்லை.