டிரைவருக்குக் கட்டிய சாப்பாடு

ஜனவரி 6

தைக்க வேண்டியது மலை மாதிரிக் கிடக்க, எல்லாவற்றையும் போட்டுவிட்டு இவரோடு டாக்டரிடம் போய் வந்தேன். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் உடம்புப் பரிசோதனை உண்டு, இவருக்கு மார்ச்சில். "இப்படியே இருந்தா கையெழுத்துப் போட மாட்டேன். உங்களை நம்பி வண்டி நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கு" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாத்திரை மட்டும் போதாதாம், சாப்பாட்டையும் மாற்றணுமாம். வெள்ளைச் சோற்றைக் குறைத்து, தவிடு போகாத அரிசி, முழுக் கோதுமை, கம்பு.

வழியெல்லாம் இவர் ரோட்டில் போகிற பஸ்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதுவும் தெரியாத மனுஷன். அதையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆவார்?

ஜனவரி 8

தவிட்டரிசியையும் வெள்ளை அரிசியையும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே குக்கரில் வைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! வெள்ளை குழைந்து கூழாகிவிட்டது, மற்றது வேகாமல் பல்லில் கடிபட்டது. "அம்மா, இது சோறா, ஜல்லி போட்ட சிமென்ட்டா?" என்றாள் மகள். இவர் மளமளவென்று விழுங்கிவிட்டு எழுந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஜனவரி 13

ரகசியம் பிடிபட்டது. தவிட்டரிசியை முதல் நாளே ஊறப் போட்டு, தனியாக வேகவைத்து, அப்புறம்தான் கலக்க வேண்டும்.

ஜனவரி 27

இவருடைய மத்தியானச் சாப்பாட்டு டப்பா கழுவி வைத்த மாதிரித் திரும்பி வருகிறது. ஒரு பருக்கை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 4

கம்பு மாவு கலந்த ரொட்டி. மகள் இரண்டாவது கேட்டாள்.

பிப்ரவரி 19

சர்க்கரை ஒரு இம்மிகூட இறங்கவில்லை. "சாப்பாட்டை மாத்தினீங்களா?" என்றார் டாக்டர். "எல்லாம் மாத்தியாச்சு டாக்டர்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே தப்பு நடக்கிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

பிப்ரவரி 22

தைத்த யூனிஃபார்ம்களைக் கொடுக்க டிப்போவுக்குப் போனேன். நெட்டை மெக்கானிக் ஓடி வந்தான். "அண்ணி, உங்க கைக்குத் தங்க வளையல்தான் போடணும். அந்தச் சோத்தைத் தின்னு என் தொப்பையே பாதி கரைஞ்சிடுச்சு!"

அடப் பாவி. இத்தனை நாளும் நான் கட்டிக் கொடுத்தது அவன் வயிற்றில். இவர் சாப்பிட்டது கேன்டீன் வெள்ளைச் சோறாம்!

சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, யாருக்காக நான் இப்படி மாரடிக்கிறேன்? பிடிக்கலைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பிடிக்காம இல்ல. அதை மென்னு சாப்பிடணும். ரெண்டு ட்ரிப்புக்கு நடுவுல கை கழுவவே நேரம் பத்தாது. கேன்டீன் சோறுன்னா தண்ணியா எதையாவது ஊத்தி உள்ள தள்ளிட்டு ஓடிடலாம்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"தையலும் பார்த்துட்டு, இதையும் பார்த்துப் பார்த்துச் செய்யறே. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அதற்கப்புறம் எங்கே சண்டை போடுவது? அழுகைதான் வந்தது. டாக்டர் சொன்னதை அப்படியே சமைத்தேனே தவிர, இவர் எங்கே, எப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஒரு நாள் கேட்டேனா?

பிப்ரவரி 24

முழுக் கோதுமை ரொட்டிக்குள் முட்டையும் காய்கறியும் வைத்து இறுகச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து கொடுத்தேன். நின்றுகொண்டே ஒரு கையால் சாப்பிடலாம். தவிட்டரிசி ராத்திரிக்கு, வீட்டில் உட்கார்ந்து.

வந்து புகார் வாசித்தார்: "மத்தியானத்துக்குள்ள தோலாட்டம் ஆயிடுது." நாளைக்கு வெந்நீர் விட்டுப் பிசைந்து பார்க்கணும். குறை சொல்கிறாரே, அதுவே எனக்குச் சந்தோஷம்.

மார்ச் 15

சர்க்கரை இறங்கியிருக்கிறது. போதாது. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. மூன்று மாசம் கழித்து மறுபடி பரிசோதனை, அதுவரைக்கும் டிக்கெட் கவுன்டர் வேலை.

"ஒரு மாசம்கூட ஆகலையே, அதுக்குள்ள இறங்கியிருக்குல்ல" என்றேன். இவர் காக்கிச் சட்டையைத் தானே மடித்து அலமாரிக்குள் வைத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அந்த ஓட்டமும் விழுங்கலும்தானே இவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது? டிப்போக்காரர்களை நிற்கவைத்துக் கேட்கணும் போல இருந்தது.

ஏப்ரல் 21

கவுன்டரில் சாப்பிட நேரம் கிடைக்கிறது. தவிட்டரிசிச் சோற்றையே கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். இவருக்கு லீவு, மூவரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். "அப்பா அசை போட ஆரம்பிச்சா நாம ஒரு தூக்கம் போடலாம்" என்றாள் மகள். மார்ச்சுக்கப்புறம் இன்றைக்குத்தான் சிரித்தார்.

மே 30

நடக்கவும் போகிறார். பஸ் ரோடு பக்கம் மட்டும் போவதில்லை.

ஜூன் 16

டாக்டரிடம் இவர் தனியாகவே போனார், எனக்குத் தையல் அவசரம். எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க முடியவில்லை. மிஷினை மூடிவிட்டு, மறுநாளைக்கு அரிசி ஊறப் போட உள்ளே போனேன்.

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு சமையலறை வாசலில் நின்றார்.

"அரிசி போடாதே. நாளைலேர்ந்து எனக்குச் சுருட்டின ரொட்டி கட்டிக் கொடு, நின்னுக்கிட்டே சாப்பிடற மாதிரி."

டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவே இல்லை. மாவு டப்பாவை எடுத்தேன்.