கண்டக்டர் அக்காவின் ஆறாவது மாதம்

மார்ச் 3

மதிப்பீட்டுப் படிவம் வந்துவிட்டது. புதிய கேஸ் மேனேஜருக்கு ஆறு மாதம் முடிகிறது. பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு, வீடில்லாதவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். நான் 'அக்கா' என்பேன், அவர் 'மேடம்' என்பார். யார் யாருக்கு மேலதிகாரி என்று வருகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

இயக்குநர் சொன்னார்: "ரிப்போர்ட் ஒண்ணுகூட நேரத்துக்கு வரலை. நிரந்தரம் பண்ணணுமான்னு நல்லா யோசிச்சு எழுதுங்க."

மார்ச் 5

இன்றும் மூன்று ரிப்போர்ட் வரவில்லை. கேட்டால், "இதோ, மேடம்." எந்தக் காலத்து இதோ?

மார்ச் 9

நாங்கள் பார்த்துக் கொடுத்த வீட்டில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்குக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். டி.வி. சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டார் புகார், நாலாவது தடவை. நாங்கள் போய்த் தட்டினாலும் கதவைத் திறப்பதில்லை. நாலு வருஷம் பஸ் நிலையத்தில் படுத்திருந்தவர். இந்த வீடும் போனால் மறுபடி அங்கேதான்.

காலையில் போன அக்கா சாப்பாட்டுக்கும் வரவில்லை. அந்த அம்மா குப்பை போட வெளியே வரும்வரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தாராம். பேசிவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"மேடம், அவங்களுக்குக் காது கேக்கலை."

"அவங்களே சொன்னாங்களா?"

"சொல்ல மாட்டாங்க, வெக்கம். நான் பேசும்போது கண்ணைப் பாக்கலை, வாயையே பாத்தாங்க. பஸ்ஸுல இப்படி எத்தனை பேரு! நான் குனிஞ்சு டிக்கெட் கிழிச்சுக்கிட்டே பேசினா போச்சு, மறுபடி கேப்பாங்க."

கோப்பைப் புரட்டினேன். 'ஒத்துழைப்பு இல்லை. வேண்டுமென்றே கதவைத் திறப்பதில்லை.' போன வருஷம். என் கையெழுத்து.

வேண்டுமென்றே! எனக்கு எப்படித் தெரியும் அது? ரெண்டு தட்டு தட்டிட்டு இறங்கி வந்தேன், அவ்வளவுதானே—

மார்ச் 12

பரிசோதனை முடிந்தது. வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது பாதிதான். டாக்டர் கடிதத்தோடு அக்காவும் நானும் கட்டட நிர்வாகியைப் பார்த்தோம். நான் விதிகளைப் பேசினேன். அக்கா காரியத்தைப் பேசினார். "காதுக் கருவி வர்ற வரைக்கும் ஹெட்ஃபோன் போட்டுக்கிறேன்னு சொல்லிட்டாங்க, சார். பட்டனை அமுக்கினா உள்ள விளக்கு எரியிற மாதிரி மணி மாட்டிடுறோம். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் பேசிட்டேன்."

நோட்டீஸ் வாபஸ். வெளியே வந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 14

எழுதிவிட்டேன். வளர வேண்டியது: ரிப்போர்ட்டுகள் சராசரியாக ஒன்பது நாள் தாமதம். மறைக்கவில்லை. வாரத்தில் ஒரு பிற்பகலை எழுதுவதற்கு மட்டும் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். பலம்: காகிதத்தைப் பார்க்கும் முன் ஆளைப் பார்க்கிறார். சான்றாக அந்த அம்மாவின் விஷயம். கூடவே, என் பழைய குறிப்பு தவறு என்பதும். அந்த வரியை ரெண்டு தடவை அழித்தேன். மூன்றாவது தடவை விட்டுவிட்டேன்.

மார்ச் 16

அக்கா படித்தார். தாமதம் பற்றிய இடத்தில், "நியாயம்தான்" என்றார். அடுத்த பக்கத்தில் நின்றுவிட்டார்.

"உங்களைப் பத்தி எதுக்கு மேடம் எழுதினீங்க? இயக்குநர் படிப்பாரே!"

"படிக்கட்டும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 20

நிரந்தரம்!

ஏப்ரல் 21

நாளை முதல் பதினைந்து நாள் விடுப்பு. என் நாற்காலியை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பெட்டி அடுக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார், "வழக்கம்போல ஆபீஸ் போனையும் தூக்கிட்டு வரப்போறியா?"

"இல்ல, வேண்டாம்."

காய்ச்சலோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.