குறை சொல்லும் உரிமை

ஜூலை 4
என் நூலின் இரண்டாம் பதிப்பைக் கேட்டுப் பதிப்பகத்தார் நச்சரிக்கிறார்கள். வகுப்பில் வருடக்கணக்காகச் சொல்லிப் பெயர் வாங்கிய விஷயம்தான்: அறிவியல் வளர்வது மேதைகளால் அல்ல, எந்த மேதையையும் ‘நீ சொன்னது தப்பு’ என்று சொல்ல முடிவதால். ஆட்சிக்கும் அதுவே அளவுகோல். தன்னைத் தவறென்று சொல்ல விடுகிற அரசுதான் சுதந்திர அரசு. சரி, புதிதாக என்ன சேர்ப்பது? ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 9
என்னிடம் ஆய்வு செய்யும் பெண் ஓர் இயலைக் கொடுத்தாள். என் நூலைப் பற்றியது. ஒரு பக்கம் தாண்டுவதற்குள் காது சூடாகிவிட்டது. ஆய்வுக்கூடத் தலைவரின் முடிவு தவறென்று தெரிந்தும் உதவியாளர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்கிறாள். திறந்தால் வேலை போகும். ஆகவே குறை சொல்லும் உரிமை மட்டும் போதாது, சொன்னவரின் பிழைப்பில் யாரும் கைவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் — ஆய்வுக்கூடமானாலும் நாடானாலும். என் நூலில் அது இல்லையாம்.

இல்லைதான்.

ஜூலை 10
கூப்பிட்டுப் பேசினேன், சிரித்த முகத்தோடுதான். அந்த இயலை எடுத்துவிடச் சொன்னேன்.

“தப்பு இருந்தா காட்டுங்க சார், எடுத்துடறேன்” என்றாள்.

இருந்தால் காட்ட மாட்டேனா? முளைச்சு மூணு இலை விடல, எனக்கே பாடம் நடத்துறா.

ஜூலை 22
உதவித்தொகைக் குழு கூடியது. அவள் பெயர் வந்தபோது ‘முன்னேற்றம் போதவில்லை’ என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் அவள் உதவித்தொகை நின்றுவிட்டது.

ஜூலை 25
வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேன்.

“நான் எழுதினது சரின்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க சார்.”

போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னேன். விடுதி அறையைக் காலி செய்ய வேண்டுமாம். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாம். அதுக்கு நானா பொறுப்பு?

ஆகஸ்ட் 18
இரண்டாம் பதிப்புக்குப் புதிய இயல் எழுதி முடித்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது.

செப்டம்பர் 2
என் மனைவி பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். மணமான நாளிலிருந்து நான் எழுதுவதையெல்லாம் முதலில் படித்து, தயவு தாட்சண்யமின்றி அடித்துத் திருத்துபவள் அவள்தான். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து அவளோடு மணிக்கணக்காகப் பேசியிருக்கிறாள், அதை மறந்து புதிய இயலை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

“இது அந்தப் பொண்ணு சொன்னதாச்சே. அவ பேரு எங்க?”

கருத்து எவருக்கும் சொந்தமில்லை என்றேன். அவளை வெளியே அனுப்பியதும் நான்தானா என்று கேட்டாள். விடவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அங்கேதான் அடித்தேன்.

“ஒரு பிள்ளையத்தான் தர முடியல. எனக்குப் புத்தியாவது சொல்லாம இரு.”

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். மீதிப் பக்கங்களை நானே பார்த்துக்கொண்டேன்.

நவம்பர் 14
வெளியீட்டு விழா. தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்ட அறிஞர் என்று புகழ்ந்தார்கள். உரை முடிந்ததும், நான் எங்கே தவறியிருக்கிறேன் சொல்லுங்கள் என்று அவையைக் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். முன்வரிசை முழுக்க என் மாணவர்கள். கைதட்டினார்கள்.

உரையின் நடுவில் ஓர் இயற்பியல் உதாரணத்தைத் தலைகீழாகச் சொல்லிவிட்டேன். மேடையிலேயே உறைத்தது. பள்ளிப் பிள்ளைகூடப் பிடித்துவிடும் பிழை. திரும்பி வரும்போது, உரை எப்படி இருந்தது என்று மனைவியைக் கேட்டேன்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.